தனியார் ராக்கெட்டுகள் தாமதமாவது விதிகளாலா, விதிகள் இல்லாததாலா? (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் நண்பர்கள் வரவும்)

காட்பாடிவாசி | வெள்ளி, இரவு 9.12

தனியார் ராக்கெட் கம்பெனிகள் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரே புலம்பல்தான் காதில் விழுகிறது. ராக்கெட் ரெடி, அரசாங்கக் காகிதம்தான் வந்து சேரவில்லை என்று. விவரம் தெரிந்தவர்களே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

முதலில் நம் நாட்டுக் கணக்கு. விண்வெளித் துறையில் தனியாருக்கு இடம் உண்டு என்று மத்திய அரசு அறிவித்தது 2020 ஜூனில். ஐதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் விக்ரம்-எஸ் ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது 2022 நவம்பர் 18. இரண்டரை வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அடுத்து, சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல். 2024 மே 30 அன்று தன் சொந்த ஏவுதளத்திலிருந்தே அக்னிபான் சோதனை ராக்கெட்டை அனுப்பியது. அதற்கு முன் நான்கு முறை கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். சொன்ன காரணம் தொழில்நுட்பக் கோளாறு. எந்த அதிகாரியின் மேஜையிலும் கோப்பு தூங்கவில்லை.

இப்போது அமெரிக்கா. ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் முதல் முழுச் சோதனைக்கு 2023 ஏப்ரல் 14 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் லைசென்ஸ் கொடுத்தது, 20ஆம் தேதி டெக்சாஸ் கடற்கரையில் ஏவினார்கள். அடியில் 33 இன்ஜின். நெருப்பைத் திசைதிருப்பும் அமைப்பு இல்லை, தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடும் இல்லை, வெறும் கான்கிரீட் தளம். அது பெயர்ந்து பறந்தது. சுமார் 385 ஏக்கரில் துண்டுகள் சிதறின. அரைபட்ட கான்கிரீட் தூசி பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் படிந்தது. பக்கத்துப் பூங்கா நிலத்தில் மூன்றரை ஏக்கர் எரிந்தது. விசாரணை முடிந்து 63 திருத்தங்களைப் பட்டியல் போட்டார்கள். இரண்டாவது ஏவல் நவம்பர் 18. இந்த ஏழு மாதத் தாமதத்தை விதியின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? தளத்தை ஒழுங்காகக் கட்டாமல் ஏவியவர்கள் பொறுப்பு அது.

நம் நாட்டில் உண்மையான தடை வேறு. அனுமதி கொடுக்க இன்-ஸ்பேஸ் என்ற மத்திய அரசு அமைப்பு இருக்கிறது, 2023ல் விண்வெளிக் கொள்கை வந்தது, 2024 மே மாதம் வழிகாட்டு நடைமுறைகளும் வந்தன. ஆனால் இதற்கெல்லாம் அடியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் கிடையாது. 2017ல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த விண்வெளி நடவடிக்கைகள் மசோதா இன்னும் சட்டமாகவில்லை. விபத்து நடந்தால் யார் எவ்வளவு கொடுப்பது, சுற்றுச்சூழல் ஆய்வை எந்த அளவுகோலில் செய்வது, இதெல்லாம் சட்டத்தில் எழுதியிருந்தால்தான் கம்பெனிக்கும் நிம்மதி, கரையில் இருப்பவனுக்கும் நிம்மதி.

ராணிப்பேட்டையிலும் காட்பாடியிலும் இந்தத் துறைக்கு உதிரிபாகம் செய்பவர்கள் இருக்கிறார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு போன கதையும் நமக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் குழுவில் கேட்கிறேன்.

தொரப்பாடி மாணவன் | வெள்ளி, இரவு 9.40

அண்ணா, தாமதம் வெறும் கற்பனை என்பதுபோல் எழுதுகிறீர்கள். அது சரியில்லை. 2024 செப்டம்பரில் ஸ்டார்ஷிப் ஐந்தாவது ஏவலுக்குத் தயாராகக் கிடந்தது. நவம்பர் கடைசிவரை காத்திருக்கச் சொன்னார்கள். ராக்கெட்டை வடிவமைத்துக் கட்டுவதைவிடக் காகித வேலைக்கு அதிக நாள் ஆகிறது என்று அந்தக் கம்பெனி வெளிப்படையாகவே எழுதியது.

வார்டா என்ற அமெரிக்கக் கம்பெனியின் கதையும் இருக்கிறது. 2023 ஜூனில் மேலே அனுப்பினார்கள், எடையற்ற நிலையில் மருந்துப் படிகம் செய்து பார்க்கும் சின்னக் கலம். வேலை முடிந்துவிட்டது. கீழே இறக்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் பூமியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. 2024 பிப்ரவரியில்தான் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. ஒரு சின்னக் கம்பெனி இத்தனை மாதம் சம்பளம் போட்டுக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு கஷ்டம்!

எங்கள் கிளாஸில் பாதிப் பேருக்கு இந்தத் துறையில் வேலைக்குப் போக ஆசை. அனுமதி வருமா வராதா என்று தெரியாத தொழிலில் யார் பணம் போடுவார்கள்? 2024 பிப்ரவரியில் ராக்கெட் தொழிலில் 49 சதவீதம்வரை அந்நிய முதலீடு நேரடியாக வரலாம் என்று திறந்துவிட்டார்கள். வரும் பணம் இந்தத் தயக்கத்தைப் பார்த்து வேறு நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

காட்பாடிவாசி | வெள்ளி, இரவு 10.05

தம்பி, நல்ல உதாரணங்கள். ஆனால் இரண்டுமே என் பக்கம்தான் பேசுகின்றன.

ஐந்தாவது ஏவலுக்கு லைசென்ஸ் அக்டோபர் 12ல் வந்தது, 13ல் ஏவினார்கள், திரும்பி வந்த பூஸ்டரை, அதாவது ராக்கெட்டின் அடிப்பகுதியை, ஏவுகோபுரத்தின் கைகளில் பிடித்துக் காட்டினார்கள். நவம்பர்வரை போகவே இல்லை. அதே செப்டம்பரில்தான் 2023ல் லைசென்ஸ் நிபந்தனைகளை மீறியதற்காக அந்தக் கம்பெனிக்கு 6,33,009 டாலர் அபராதம் போட முன்மொழிந்தார்கள். புலம்பலைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வார்டா விஷயத்தில் அவர்கள் மேலே அனுப்பியபோதே கீழே இறக்கும் லைசென்ஸ் கையில் இல்லை. வீடு கட்டி முடித்த பிறகு பிளான் அப்ரூவலுக்கு ஓடுகிற கதை. அதன் பிறகு அமெரிக்க அதிகாரிகள், திரும்பி வரும் கலத்துக்கு இறங்கும் லைசென்ஸ் இல்லாமல் ஏவவே விட மாட்டோம் என்று அறிவித்தார்கள். விதி தெளிவானது, அடுத்து வருகிறவனுக்குக் கஷ்டம் குறைந்தது. நான் கேட்பதும் இதைத்தான்.

இன்-ஸ்பேஸ் விண்ணப்பங்களை 75 முதல் 120 நாட்களுக்குள் முடிக்கப் பார்ப்பதாகச் சொல்கிறது. அமெரிக்காவில் ஏவல் லைசென்ஸுக்குச் சட்டமே 180 நாள் கொடுக்கிறது. எண்ணைப் பார்த்தால் நாம் மெதுவாக இல்லை.

ராணிப்பேட்டை லேத் | வெள்ளி, இரவு 10.31

நீங்கள் இருவரும் ஏவுகிறவர்கள் பக்கத்தைப் பேசுகிறீர்கள். பாகம் செய்து கொடுக்கிற எங்கள் பக்கத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

சிப்காட்டில் சின்ன சிஎன்சி பட்டறை. பாய்லர் ஜாப் ஒர்க்தான் இத்தனை வருஷம் சோறு போட்டது. இப்போது ஒரு ராக்கெட் கம்பெனிக்கு வால்வு ஹவுசிங் செய்கிறோம், பெயர் வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற இன்கோனல் (நிக்கல் கலப்பு உலோகம்) துண்டு. அதில் இரண்டு துளைகள் உள்ளே போய் ஒன்றை ஒன்று வெட்டும். வெட்டுகிற இடத்தில் பிசிர் நிற்கும், கண்ணுக்கே தெரியாது. லென்ஸை வைத்துப் பார்த்து, எங்கள் ஃபிட்டர் கையாலேயே எடுப்பார். அந்தப் பாதையில் திரவ ஆக்சிஜன் ஓடும். பிசிர் ஒன்று கழன்று வேகமாகப் போய் மோதினால் உலோகமே பற்றிக்கொள்ளும். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் அதே ஆபத்து. கழுவி, காயவைத்து, பையில் போட்டு சீல் வைத்த பிறகு வெறும் கையால் யாரும் தொடக் கூடாது.

அப்புறம் காகிதம். எந்தக் கம்பியிலிருந்து வெட்டியது, அதன் ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) என்ன, மெட்டீரியல் சர்டிபிகேட் எங்கே, யார் அளந்தது, எந்த மைக்ரோமீட்டர், அதை எப்போது கேலிபிரேட் செய்தார்கள். பாகத்தைவிட ஃபைல் கனமாகப் போகும். இதற்கு நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அது இல்லாமல் ராக்கெட் இல்லை.

எங்கள் கஷ்டம் வேறு. ஏவல் தள்ளிப்போனால் பில் தள்ளிப்போகிறது. சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். கேட்டால், அனுமதி வரவில்லை, அதனால் அடுத்த கட்ட முதலீடு வரவில்லை என்கிறார்கள். உண்மையிலேயே அனுமதிதான் காரணமா, இன்ஜின் சோதனையில் ஏதாவது போயிற்றா, எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. யார் எந்தத் தேதியில் விண்ணப்பித்தார், எந்தக் கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது என்று பொதுவில் போட்டால் இந்த மறைப்பு நின்றுவிடும். அமெரிக்காவில் லைசென்ஸ், சுற்றுச்சூழல் அறிக்கை எல்லாம் இணையத்தில் கிடக்கிறது. இங்கே ஏன் கூடாது?

பாலாற்றங்கரை | சனி, காலை 6.20

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறவன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொழில் வளரட்டும், விதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் அப்படித்தான் பரவியது. வேலை கொடுத்தது, ஏற்றுமதிப் பணம் கொண்டுவந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. கூடவே ஆற்றைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. துணி அலசிக் காயப்போட்டால் மடிப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தென்னை முதலில் குரும்பையை உதிர்த்தது, அப்புறம் மட்டை மஞ்சளானது, அப்புறம் மரமே பட்டுப்போனது. ஒரே வருஷத்தில் நடக்கவில்லை. அதனால்தான் யாரும் கணக்கு வைக்கவில்லை.

1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு. இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்பதும் இந்த நாட்டின் சட்டம் என்று சொன்ன தீர்ப்பு அது. இன்றும் எந்தச் சுற்றுச்சூழல் வழக்கிலும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள்.

தொரப்பாடித் தம்பி கவனிக்க வேண்டியது அதில் இன்னொன்று: கெடுதல் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு தொழில் செய்ய வருகிறவன் மேல்தான். பாதிக்கப்பட்டவன் நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ராக்கெட் கம்பெனிக்கு மட்டும் இது எப்படிப் பொருந்தாமல் போகும்?

தீர்ப்பு வந்தும் ஆறு மீளவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாறு, அதே கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வழக்குப் போட்ட காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். விதி பின்னால் வந்தால் இதுதான் விலை.

தொரப்பாடி மாணவன் | சனி, காலை 8.02

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனால் தோல் தொழிற்சாலை தினமும் கழிவை விடுகிறது. ராக்கெட் வருஷத்துக்கு நாலோ ஐந்தோ தடவை பறக்கும், அதுவும் அக்னிகுல் மாதிரி மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிப்பவை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

ஆலங்காயம் | சனி, காலை 9.15

வைக்கலாம் தம்பி, ஆனால் தராசு வேறு உயரத்தில் இருக்க வேண்டும். நான் காவலூர் வானாய்வகத்துக்குப் பக்கத்து ஊர். ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிற இடம். 1977ல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. அந்த மலையில் வானத்தைப் பார்த்துப் பழகியதால் இதை விடாமல் படித்து வருகிறேன்.

மண்ணெண்ணெய் எரியும் இன்ஜின் கரித்துகளைக் கக்கும். லாரியும் கக்கும்தான். லாரியின் கரி சில நாளில் மழையோடு தரைக்கு வந்துவிடும். ராக்கெட் கரியை நேராக ஸ்ட்ரேட்டோஸ்பியரில், மேகங்களுக்கு மேலே உள்ள காற்றடுக்கில், கொண்டுபோய்ப் போடுகிறது. அங்கே மழை கிடையாது, வருஷக்கணக்கில் தங்கும், சூரிய வெப்பத்தை உறிஞ்சும். இப்போதைய அளவைப் போலப் பத்து மடங்கு இத்தகைய ஏவல்கள் நடந்தால் அந்த அடுக்கு 0.5 முதல் 2 டிகிரிவரை சூடாகும் என்று அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் ஆய்வு 2022ல் சொன்னது. ஓசோனுக்கும் அதனால் பாதிப்பு.

திட எரிபொருள் என்றால் வேறு கதை. அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அலுமினிய ஆக்சைடு தூளும் வரும். அமெரிக்காவில் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலங்களை ஏவிய காலத்தில், தளத்துக்குப் பக்கத்து ஆழமில்லாத நீரில் அந்த அமிலத்தால் மீன்கள் செத்தது பதிவாகியிருக்கிறது. நம் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டி என்ன இருக்கிறது? பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, பூநாரைகள் வருகிற இடம்.

மேலே போனது கீழே வருவதையும் சேர்க்க வேண்டும். ஸ்ட்ரேட்டோஸ்பியரில் பிடித்துப் பார்த்த கந்தக அமிலத் துகள்களில் சுமார் 10 சதவீதத்தில், எரிந்து விழுந்த செயற்கைக்கோள், ராக்கெட்டுகளின் அலுமினியமும் மற்ற உலோகங்களும் இருந்ததாக 2023ல் ஓர் ஆய்வு வந்தது. ஓசோனைக் காக்க மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது, ராக்கெட் புகை அதற்குள் வரவில்லை. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே விதி எழுதுவதுதான் எல்லோருக்கும் மலிவு.

அரக்கோணம் பாசஞ்சர் | சனி, காலை 10.44

வான்வழி பற்றி யாரும் எழுதவில்லை. ஏவல் நாளில் விமானங்களுக்கு அறிவிப்பு, கப்பல்களுக்கு அறிவிப்பு என்று வங்காள விரிகுடாவில் ஒரு பெரிய துண்டை மூடுகிறார்கள். நம்மிடம் இது ஒழுங்காகவே நடக்கிறது. 2023 ஜூலை 30ல் பிஎஸ்எல்வி சி-56 ராக்கெட்டை ஒரே ஒரு நிமிஷம் தள்ளி ஏவினார்கள், பாதையில் விண்வெளிக் குப்பை குறுக்கிடலாம் என்பதால். அந்த ஒரு நிமிஷத்தைக் கணக்குப் போட எத்தனை பேர் உழைத்திருப்பார்கள்!

2025 ஜனவரி 16ல் ஸ்டார்ஷிப்பின் ஏழாவது ஏவல் வெடித்தது. துண்டுகள் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகள் மேல் விழுந்தன. பயணிகள் விமானங்கள் வழி மாறின, சில வானத்திலேயே காத்திருந்தன. மார்ச் 6ல் அடுத்ததும் வெடித்தது, புளோரிடா விமான நிலையங்களில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். பிறகு மே மாதம் வருஷத்துக்கு 25 ஏவல்கள்வரை அனுமதித்தார்கள், அதற்கு முன் ஐந்துதான். தொழில் நெருக்கினால் விதி எவ்வளவு வேகமாக வளைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நாட்றம்பள்ளி | சனி, பகல் 12.30

ஒரு கேள்வி. எங்கள் ஊர்ச் சம்பவம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2016 பிப்ரவரி 6, பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய சத்தம், தரையில் பள்ளம், கண்ணாடி எல்லாம் நொறுங்கியது, பஸ் டிரைவர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் என்று முதல்வர் அறிக்கையே வந்தது. அமெரிக்க நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்துவிட்டு, தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். உலகமே எங்கள் ஊரைப் பார்த்தது. இறந்தவர் குடும்பத்துக்கு அதனால் தெளிவு கிடைக்கவில்லை.

நாளைக்கு நிஜமாகவே ஒரு தனியார் ராக்கெட்டின் துண்டு யார் கூரை மேலாவது விழுந்தால், அந்த வீட்டுக்காரர் எந்த வாசலில் போய் நிற்பது?

சத்துவாச்சாரி வக்கீல் | சனி, மாலை 4.18

இந்த இழையின் முக்கியமான கேள்வி இதுதான் என்பேன்.

1967 விண்வெளி உடன்படிக்கைப்படி தனியார் செய்வதற்கும் அந்த நாடே பொறுப்பு. அனுமதி கொடுப்பதும் தொடர்ந்து கண்காணிப்பதும் அரசின் கடமை. ஆகவே, லைசென்ஸே வேண்டாம் என்று எந்த நாடும் சொல்ல முடியாது. 1972 பொறுப்பு உடன்படிக்கை இன்னும் கடுமை: தரையில் சேதம் என்றால் ஏவிய நாட்டின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை, சேதத்தை நிரூபித்தால் போதும். 1978ல் சோவியத்தின் காஸ்மாஸ் 954, அணு உலையோடு கனடாவில் விழுந்தது. கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது, 1981ல் 30 லட்சம் வாங்கியது. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் விழுந்தது, சீன ராக்கெட்டின் பாகம் என்று விண்வெளி வல்லுநர்கள் கருதினார்கள். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கியது நம் பிஎஸ்எல்வியின் பாகம்.

கவனியுங்கள், இதெல்லாம் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே. நம் நாட்டு ராக்கெட் நம் நாட்டு வீட்டின் மேல் விழுந்தால் இந்த உடன்படிக்கை உதவாது. அந்த வீட்டுக்காரர் சாதாரண சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு வழக்குப் போட வேண்டும், அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும். அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்கும்போதே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். ஏவலுக்கு ஏவல் கணக்கிடுவார்கள், உச்சவரம்பு 50 கோடி டாலர். அதற்கு மேல் ஒரு வரம்புவரை அரசே ஏற்கிறது. இங்கே அப்படி ஒரு தொகையைச் சட்டத்தில் எழுதவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எதை வைத்துப் பிரீமியம் போடுவதென்று தெரியாது. காட்பாடி நண்பர் சொல்வது சரி, இந்தச் சட்டம் வராதது ஸ்டார்ட்அப்புக்கும் கெடுதல், நாட்றம்பள்ளிக்காரருக்கும் கெடுதல்.

மணப்பாட்டு மகள் | சனி, இரவு 7.55

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது குடியாத்தம், பிறந்த வீடு தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் மணப்பாடு. குலசேகரப்பட்டினம் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2,233 ஏக்கர், 986 கோடி. தனியார் ராக்கெட்டுகளும் அங்கிருந்து போகும் என்கிறார்கள்.

ஏன் குலசை என்று என் தம்பி விளக்கினான். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போக ராக்கெட் தெற்கே பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வருகிறது. தென்கிழக்கே போய் வளைந்து திரும்ப வேண்டும், சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் தாங்காது. குலசையிலிருந்து நேராகக் கடலுக்கு மேல் போய்விடலாம். காரணம் நியாயமானதுதான். வேலை வாய்ப்பு வரும் என்ற நம்பிக்கையும் ஊரில் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கடலில்தான் எங்கள் சித்தப்பா, மாமன் எல்லாம் தொழிலுக்குப் போகிறார்கள். ஏவல் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்றால் அன்றைக்கு உலை எப்படிக் கொதிக்கும்? பழவேற்காட்டு மீனவர்களை ஏவல் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்துவது நமக்குத் தெரியும். ஏவல் தள்ளிப்போனால் மறுநாளும் போக முடியாது. இங்கே மேலே எழுதினார்களே, அக்னிகுல் நான்கு முறை நிறுத்தியது என்று. கம்பெனிக்கு அது தொழில்நுட்பக் கோளாறு. கரையில் இருக்கிறவனுக்கு அது கூலி.

இன்னொன்று, மன்னார் வளைகுடா. 21 தீவுகள் கொண்ட தேசிய பூங்கா வடக்கே இருக்கிறது. ஆமை, கடல்பசு வாழ்கிற கடல். டெக்சாஸில் 2024 ஜூன் ஏவலுக்குப் பிறகு அங்கிருந்த கடற்கரைப் பறவைக் கூடுகளில் முட்டை உடைந்ததையும் காணாமல் போனதையும் கணக்கெடுத்தார்கள். ஏவலுக்கு முன்பே கூடுகளை எண்ணி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. எங்கள் கரையில் தளம் எழும்பி முடிவதற்குள் யாராவது எண்ணுவார்களா?

ராணிப்பேட்டை லேத் | சனி, இரவு 8.20

அக்கா எழுதியதைப் படித்தேன். என் பில் தள்ளிப்போவதையும் அவர்கள் கடல் மூடுவதையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. எனக்கு ஆர்டர் என்று ஒரு காகிதமாவது இருக்கிறது.

பாலாற்றங்கரை | சனி, இரவு 8.47

மணப்பாட்டு மகளே, எண்ணி வையுங்கள். அரசு எண்ணட்டும் என்று காத்திருக்காதீர்கள். எங்களிடம் 1970களின் கிணற்றுத் தண்ணீர் பரிசோதனை ஒரு கட்டு இருந்திருந்தால் பாதி வழக்கு அப்போதே முடிந்திருக்கும். என்ன மீன், எந்த மாதம், எவ்வளவு, என்ன விலை. ஊர் கமிட்டி நோட்டிலேயே எழுதலாம், தேதியும் கையெழுத்தும் இருந்தால் போதும். தண்ணீர் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் கொடுத்து ரசீதோடு பத்திரப்படுத்துங்கள்.

காட்பாடிவாசி | சனி, இரவு 9.30

டெக்சாஸ் விஷயத்தில் தண்ணீர் பற்றியும் ஒன்று சேர்க்க வேண்டும். தளம் பெயர்ந்த பிறகு இரும்புத் தகடு போட்டு, அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் அமைப்பு வைத்தார்கள். நல்ல தீர்வு. ஆனால் அந்தத் தண்ணீரை வெளியே விடுவதற்கு உரிய பெர்மிட் வாங்கவில்லை. குடிநீர்தான், கெடுதல் இல்லை என்பது கம்பெனியின் வாதம். 2024ல் மாநில அமைப்பு 3,750 டாலரும், மத்தியச் சுற்றுச்சூழல் முகமை 1,48,378 டாலரும் அபராதம் போட்டன. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது ஒரு மதிய உணவுச் செலவுகூட இல்லை. 1996 தீர்ப்பில் நம் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் போட்ட அபராதம் 10,000 ரூபாய். அபராதம் மட்டும் போதாது என்பதற்கு இரண்டு கண்டத்திலும் சான்று இருக்கிறது. அனுமதிக்கு முன்பே நிபந்தனை வேண்டும், ஏவலுக்கு ஏவல் அளந்து வெளியிட வேண்டும்.

தொரப்பாடி மாணவன் | சனி, இரவு 9.52

அளந்து வெளியிடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. அளக்கும் கருவி செய்வதும் எங்கள் வேலைதானே. ஆனால் ஒரு வேண்டுகோள்: நிபந்தனை எதுவானாலும் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். இன்-ஸ்பேஸ் ஒரு பக்கம், எரிபொருள் சேமிக்க நாக்பூர் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு ஒரு பக்கம், அலைவரிசை ஒரு பக்கம், வான்வெளி ஒரு பக்கம், கடற்கரை ஒழுங்குமுறை ஒரு பக்கம். இருபது பேர் வேலை செய்யும் கம்பெனியில் நாலு பேர் இதற்கே ஓட வேண்டும். கடுமை இருக்கட்டும், அலைச்சல் வேண்டாம்.

பாலாற்றங்கரை | சனி, இரவு 10.10

இதில் நான் தம்பி பக்கம்.

மணப்பாட்டு மகள் | ஞாயிறு, காலை 7.05

வக்கீல் சார், ஊரில் தம்பியிடம் பேசினேன். கமிட்டி சார்பில் ஒரு மனு எழுதலாம் என்கிறார்கள். யாருக்கு எழுதுவது, என்ன கேட்பது என்று சொல்ல முடியுமா?

சத்துவாச்சாரி வக்கீல் | ஞாயிறு, காலை 9.40

தாராளமாக அம்மா. மாவட்ட ஆட்சியருக்கும், மீன்வளத் துறைக்கும், இன்-ஸ்பேஸுக்கும் ஒரே மனுவின் நகல். ஏவுதளத்தை எதிர்ப்பதாகவோ ஆதரிப்பதாகவோ எழுத வேண்டாம், கேட்பதை மட்டும் எழுதுங்கள். கடல் மூடும் பரப்பின் வரைபடமும் ஒரு வருஷத்தில் அதிகபட்சம் எத்தனை நாள் என்பதும் முன்கூட்டியே வேண்டும். ஏவல் தள்ளிப்போகும் நாளுக்கும் சேர்த்து இழப்பீடு வேண்டும், அதைக் கொடுப்பது ஏவும் நிறுவனம் என்று அனுமதி நிபந்தனையிலேயே இருக்க வேண்டும். முதல் ஏவலுக்கு முன் ஒரு முழு வருஷத்துக்கான மீன்வள, ஆமைக் கணக்கெடுப்பு நடத்தி, தமிழில் வெளியிட வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதற்கு 1996 தீர்ப்பை மேற்கோள் காட்டுங்கள், அந்தப் பத்தியை நான் எடுத்துத் தருகிறேன்.

சுற்றுச்சூழல் அனுமதி, கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி தொடர்பான ஆவணங்களின் நகல் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு விண்ணப்பம் போடுங்கள். மனுவோடு சேர்க்க வேண்டாம், இரண்டும் தனித்தனியாகப் போகட்டும். வரைவை அனுப்புங்கள், திங்கள் கோர்ட் முடிந்ததும் திருத்தித் தருகிறேன்.